உங்களுக்குத் தெரியுமா? மேசைமேல் ஒரு கேட்டலினா

இரண்டாம் உலகப் போரில் கடலுக்கு மேல் நாள் முழுக்கச் சுற்றி எதிரிக் கப்பல்களைத் தேடியது அமெரிக்கத் தயாரிப்பான கேட்டலினா கடல்விமானம். அதைக் குட்டி மாடலாகச் செய்யும்போது தெரியவரும் சில சேதிகள்:

● ஒரு அங்குல விமானி
மாடல் விமானங்களில் அதிகம் புழங்கும் அளவு 1/72. நிஜத்தில் ஆறடி என்றால் மாடலில் ஒரு அங்குலம். 104 அடி இறக்கை இந்தக் கணக்கில் 44 செ.மீ. ஆகிறது. 1/48 அளவு என்றால் 66 செ.மீ. கிட் வாங்குமுன் அலமாரியை அளந்துகொள்வது உத்தமம்!

● மாணவர்கள் செய்த போர்ப்பணி
1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது. மரத்தில் செதுக்கிக் கறுப்பு பூசிய மாடல்கள். வானில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று உருவத்தை வைத்தே சொல்ல வீரர்களுக்குப் பயிற்சி தர அவை பயன்பட்டன.

● பசை அல்ல, கரைப்பான்
பிளாஸ்டிக் மாடலுக்கான சிமென்ட், பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரு விளிம்புகளும் இளகிக் கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். மெல்ல அழுத்தினால் இணைப்பில் நூல்போலப் பிளாஸ்டிக் பிதுங்கும். நன்கு காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் ஒட்டிய இடமே தெரியாது.

● கண்ணாடியில் புகை
கேட்டலினாவின் பின்பக்க விலாவில் இருபுறமும் புடைத்து நிற்கும் கண்ணாடிக் குமிழ்கள்தான் அதன் அடையாளம். மாடலில் இவற்றை ஒட்ட சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி படிந்தால் கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். மரவேலைக்குப் பூசும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்ததும் நிறமற்றுப் போகும்.

● அடிவயிற்றில் ஒரு படி
தண்ணீரில் வேகமெடுக்கும்போது நீர் விமானத்தின் அடிப்பகுதியை விடாமல் இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியை உடைக்கத்தான் அடியில் படிபோல ஒரு வெட்டு. மாடலைத் தேய்க்கும்போது இந்த விளிம்பு மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● மிதவையே இறக்கை நுனி
இருபுறமும் தொங்கும் மிதவைகள், பறக்கும்போது மேலே மடங்கி இறக்கையின் நுனியாகிவிடும். எனவே தண்ணீரில் நிற்கும் மாடலுக்கு மிதவை கீழே. பறக்கும் மாடலுக்கு மேலே. ஒட்டுமுன்பே முடிவு செய்தாக வேண்டும்.

● தூணுக்குள் ஓர் ஆள்
உடலுக்கு மேல் இறக்கையைத் தாங்கி நிற்கும் தூண் போன்ற பகுதிக்குள்தான் ஃபிளைட் இன்ஜினியரின் இருக்கை! அதன் இரு பக்கங்களிலும் சின்ன ஜன்னல்கள் உண்டு. பெயின்ட் அடிக்குமுன் அவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடாவிட்டால் அவர் இருட்டில்தான்.

● மூக்கில் ஈயம்
நிலத்திலும் இறங்கக்கூடிய 5ஏ வகைக்கு மூக்கின் கீழும் சக்கரம் உண்டு. மாடலில் பின்பாரம் அதிகம் என்பதால் வால் தரையைத் தொட்டுவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் மூக்குக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டுவிடுவார்கள்.

● மெழுகுவத்தி ஏரியல்
கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியை எறிந்துவிடாதீர்கள். மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, பளபளவென்று இளகியதும் வெளியே எடுத்து இரு முனைகளையும் நிதானமாக இழுத்தால் தலைமுடி அளவுக்கு நீளும். ரேடியோ ஏரியல் கம்பி தயார்!

● சிவப்பு எங்கே?
பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பானின் சின்னமும் சிவப்பு வட்டம். சொந்தப் படையே குழம்பிச் சுட்டுவிடக் கூடாதே! அதனால் நம் பகுதியில் பறந்த விமானங்களில் சிவப்பை நீக்கினார்கள். சின்னங்களின் டெகல் ஸ்டிக்கரை ஒட்டுமுன் உங்கள் மாடல் எந்த வருஷத்து விமானம் என்று முடிவு செய்யுங்கள்.

● கொக்கலவிலிருந்து கிளம்பிய கண்
1942 ஏப்ரல் 4. இலங்கையின் கொக்கலவிலிருந்து கனடா படைப்பிரிவின் லெனர்ட் பர்ச்சால் ஓட்டிச் சென்ற கேட்டலினா, தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு ரேடியோவில் எச்சரித்தது. விமானம் சுடப்பட்டு விழுந்தது, பர்ச்சால் போர்க்கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தபோது நகரம் விழித்திருந்தது.

● இரண்டு சூரிய உதயம்
1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் கொக்கலவுக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினாக்களை ஓட்டியது. ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம்! பயணிகள் வானிலேயே இரண்டு விடியல்களைப் பார்த்தார்கள்.

● உப்பு போட்டால் பெயின்ட் உரியும்
பெயின்ட் உரிந்த தோற்றம் வேண்டுமா? முதலில் அலுமினிய நிறம் பூசி, ஈரப்படுத்தி, சமையல் உப்பைத் தூவுங்கள். காய்ந்ததும் மேல் நிறத்தை அடித்து, உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அங்கங்கே உலோகம் எட்டிப் பார்க்கும்.

● சென்னைக்காரர்களுக்கு ஒரு கேட்டலினா
கடல்விமானத்துக்குக் கடல்தான் வேண்டும் என்பதில்லை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் பிரிவுக் கேட்டலினாக்கள் செங்குன்றம் ஏரியிலிருந்து பறந்தன. சென்னைக்குக் குடிநீர் தரும் அதே புழல் ஏரிதான்!