மென்பொருள் நிறுவும் கோப்பில் கடவுச்சொல் கிடக்கிறதா?

வரிப்பத்தான்சேனையில் இருந்துகொண்டு, அம்பாறைக் கரையோர ஊர்களின் சிறு அலுவலகங்களுக்குக் கணினி வேலை செய்து வருகிறேன். அவற்றில் ஒன்று ஒரு சமூக நிறுவனம். அங்கு பதினொரு கணினிகள் உள்ளன. யுத்த காலத்தில் காணி இழந்தோரின் அனுமதிப்பத்திரப் பிரதிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கொடுத்த முறைப்பாடுகள், சாட்சிகளின் பெயர் விலாசங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

எல்லாக் கணினிகளிலும் வைரஸ் தடுப்பு மென்பொருள் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் செய்ய நேரமில்லாததால், தானாக நிறுவும்படி நாலு வரியில் ஒரு பெட்ச் கோப்பை எழுதிப் பொதுக் கோப்புறையில் வைத்தேன். நிறுவுவதற்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும். அந்தக் கடவுச்சொல்லையும் கோப்பிலேயே எழுதிவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. கோப்பை அழிக்க மறந்துபோனேன்.

சில வாரங்களின் பின் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவன் கேட்டான்: "காக்கா, இதில இருக்கிறது உங்கட பாஸ்வேர்டா?"

அவன் சொன்னதால் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு முன் யார் யார் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று அறிய வழியில்லை. பதினொரு கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால், அதைக் கண்டவர் எவரும் எல்லா முறைப்பாடுகளையும் வாசித்திருக்கலாம்.

பெரிய நிறுவனமும் செய்த பிழை

இது சின்ன இடத்துப் பிழை மட்டுமல்ல. விண்டோஸ் சேர்வர் 2008 உடன் மைக்ரோசொஃப்ட் ஒரு வசதியைக் கொடுத்தது. அதன்மூலம் வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளின் நிர்வாகி கடவுச்சொல்லையும் ஒரே இடத்திலிருந்து அமைக்கலாம். கடவுச்சொல் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கோப்பை வலையமைப்பின் பயனாளர் எவரும் வாசிக்கலாம். அதை அவிழ்க்கும் திறவுகோலோ மைக்ரோசொஃப்டின் சொந்தத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே வெளியாகியிருந்தது. 2014 மே மாதம் வந்த திருத்தம், புதிதாகக் கடவுச்சொல் வைப்பதைத் தடுத்தது. ஏற்கெனவே கிடந்த கோப்புகளை அது அழிக்கவில்லை.

விண்டோஸைத் தானாக நிறுவும் பதில் கோப்பிலும் இதே ஆபத்து உண்டு. அதில் கடவுச்சொல் புரியாத எழுத்துகளாகத் தெரிந்தாலும், அது பேஸ்64 என்ற எழுத்துமாற்று மட்டுமே. அதை நொடியில் திருப்பிவிடலாம்.

ஒரே கடவுச்சொல்லின் விளைவை 2017 ஜூனில் உலகம் கண்டது. உக்ரைனில் தொடங்கிய நொட்பெட்யா, பிடித்த கணினியின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களை எடுத்து, அவற்றைக் கொண்டே அடுத்த கணினிகளுக்குள் புகுந்தது.

என்ன செய்யலாம்?

டொமைன் வலையமைப்பு இருந்தால், கணினி தொடங்கும்போதே ஓடும் ஸ்கிரிப்டாக நிறுவலை அமையுங்கள். அது கணினியின் சொந்த சிஸ்டம் அதிகாரத்தில் ஓடுவதால் கடவுச்சொல் எழுதவே தேவையில்லை. நிறுவல் கோப்புறையைக் கணினிகள் வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஊழியர் அதில் எழுத முடிந்தால், கோப்பை மாற்றிவைத்து அதே அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கணினிக்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள். இதற்காக மைக்ரோசொஃப்ட் 2015இல் லாப்ஸ் என்ற இலவசக் கருவியை வெளியிட்டது. அது ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அமைத்து, காலத்துக்குக் காலம் தானே மாற்றும். 2023 ஏப்ரலிலிருந்து இது விண்டோஸ் 10, 11 உடனேயே வருகிறது.

டொமைன் இல்லாத சிறு அலுவலகமானால் கடவுச்சொல்லைக் கையால் தட்டச்சுச் செய்யுங்கள். பத்துக் கணினிக்கு ஒரு பின்னேரம் போகும், அவ்வளவுதான். கணினிவாரியாகக் கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வைப்பது, பொதுக் கோப்புறையில் வைப்பதைவிடப் பாதுகாப்பானது.

ஏற்கெனவே எழுதியிருந்தால், கோப்பை அழிப்பதோடு நிற்க வேண்டாம். பிரதிகள் பென்ட்ரைவிலும் பேக்கப்பிலும் இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

நான் அன்றே பதினொன்றையும் மாற்றினேன். பிறகு பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மகனைத் தேடும் ஒரு தாய் தன் கதையை அந்த அலுவலகத்தை நம்பித்தான் சொன்னார். அதைக் கேட்டு எழுதியவர்களுக்கு, அது எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.