ரொட்டிக் கல்லில் மீன்

பசறைத் தோட்டங்களில் கோதுமை ரொட்டியும் சோறுமே நாளாந்த உணவு. இப்பழக்கத்தில் வளர்ந்தவருக்கு நீரிழிவு கண்டுவிட்டால், 'இனி எதை உண்பது?' என்னும் ஏக்கம் நோயினும் பெரிதாகிவிடுகிறது.

1921இல் இன்சுலின் கண்டறியப்படுமுன், மாப்பொருளைக் குறைப்பதே இந்நோய்க்கு மருத்துவர் கையாண்ட முதன்மை வழி. மீனில் மாப்பொருள் இல்லை, புரதமோ மிகுதி. கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் பச்சை மீனே நன்று.

மலையேறி வரும் சூரை மீன் துண்டங்களில் மிளகு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ச் சாறு பூசிக் கால்மணி நேரம் வையுங்கள். மாவில் தோய்த்தல் கூடாது. ரொட்டிக் கல் நன்கு காய்ந்ததும் சிறிது எண்ணெய் தடவி, ஈரம் ஒற்றிய துண்டங்களை இடுங்கள். அடிப்புறம் சிவந்து கல்லை விட்டு எழும்வரை புரட்டலாகாது, மறுபுறமும் அவ்வாறே. கீரையும் வல்லாரைச் சம்பலும் நிறைய இருக்க, சோறு ஓர் அகப்பை போதும்.

ஆயினும், மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கலாகாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம்.

இல்லத்தாருக்கு ஒரு சொல்: நோயாளிக்கெனத் தனிச் சட்டி வேண்டாம். இதே மீனை எல்லோரும் பகிர்ந்துண்ணுங்கள். பத்தியம் தண்டனையாகத் தோன்றாது.