மடி ஓர் இருக்கை அன்று

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. மயூர் விஹாரிலிருந்து ஆர்.கே. புரம் மலை மந்திருக்குச் செல்லவும், ஊரிலிருந்து வரும் பெற்றோரை விமான நிலையத்தில் வரவேற்கவும், விடுமுறையில் யமுனா விரைவுச் சாலை வழியே ஆக்ரா சென்று திரும்பவும் அது வேண்டியிருக்கிறது. இப்பயணங்களில் கைக்குழந்தை பெரும்பாலும் தாயின் மடியிலோ பாட்டியின் மடியிலோ அமர்ந்துதான் செல்கிறது. தாய்மடியினும் பாதுகாப்பான இடம் வேறு இல்லை என்றே நாம் நம்பி வந்திருக்கிறோம். வீட்டுக் கூடத்தில் அது உண்மை. ஓடும் காரில் அது உண்மையன்று.

பத்துக் கிலோவின் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்று எதிலோ மோதி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். மடியில் உள்ள 10 கிலோ எடைக் குழந்தையை அக்கணத்தில் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலிமை கைகளுக்கு வேண்டும். எந்தத் தாயின் கைகளுக்கும் அது இயலாது. அதே வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியளவு உயரத்திலிருந்து, விழுவதற்கு ஒப்பானது. தாயையும் சேயையும் ஒரே சீட் பெல்ட்டால் பிணைப்பதும் தீர்வாகாது. தாயின் உடல் எடையே குழந்தையை நசுக்கிவிடும்.

பிற நாட்டினரும் இதே நம்பிக்கையைக் கடந்தே வந்துள்ளனர். அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக டென்னசி 1977-ஆம் ஆண்டு குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதற்கென வாதாடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவர். ஆயினும் பெரியவர் கையில் ஏந்திய குழந்தைக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. அவ்விலக்கை நீக்குவதற்கு அவர் 1981 வரை போராட வேண்டியிருந்தது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194-பி என்னும் பிரிவைச் சேர்த்தது. 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பெல்ட் அணியாத நிலையில் விபத்தில் உயிரிழந்த பின்னர், தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை பின்னிருக்கைப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது.

சட்டத்தில் உள்ள ‘சீட் பெல்ட்டாலோ இருக்கையாலோ’ என்பதைப் பெற்றோர் கவனமாகப் படித்தல் வேண்டும். காரின் பெல்ட் வளர்ந்தவர் உடலுக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. சிறு குழந்தைக்கு அணிவித்தால் மேல்பட்டை கழுத்திலும் கீழ்ப்பட்டை வயிற்றிலும் படியும். அபராதத்திலிருந்து தப்பிக்க அது போதும். காயத்திலிருந்து தப்பிக்கப் போதாது.

மூன்று படிகள்

இருக்கையைத் தெரிவு செய்யும்போது வயதைக் காட்டிலும் எடையும் உயரமுமே முதன்மையானவை.

முதற்படி, பின்னோக்கி அமரும் இருக்கை. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்தோ மிக மென்மையானது. பின்னோக்கி அமர்ந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவுகிறது. ஐ.நா.வின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை இதனைக் கட்டாயமாக்குகிறது. இருக்கையின் எடை, உயர வரம்பு இடம் தரும் வரை பின்னோக்கியே அமர்த்துவது நன்று. கால்கள் மடங்குகின்றனவே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் படி, தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கிடையிலும் பட்டைகள் கொண்ட, முன்னோக்கிய இருக்கை. இது பொதுவாக 18 கிலோ எடை வரை பயன்படும்.

மூன்றாம் படி பூஸ்டர். இது குழந்தையை உயர்த்தி அமர்த்தி, காரின் பெல்ட் தோளெலும்பின் நடுவிலும் இடுப்பெலும்பின் மீதும் படியுமாறு செய்கிறது. முதுகுச் சாய்வு உள்ள பூஸ்டரே சிறந்தது. உறங்கும் குழந்தையின் தலை பக்கவாட்டில் சரியாமல் அது தாங்கும். ஐரோப்பிய விதி 150 செ.மீ. உயரம் வரை இத்தகைய இருக்கையை வேண்டுகிறது. சில நாடுகள் 135 செ.மீ. என வரையறுத்துள்ளன. முதுகு சாய்வில் ஒட்டி, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்கி, பெல்ட் கழுத்தைத் தொடாமல் அமர முடிந்தால் பூஸ்டரை விடலாம்.

‘பிறப்பு முதல் 12 வயது வரை’ என்று விற்கப்படும் ஒரே இருக்கை செலவைக் குறைக்கலாம். எனினும் இன்று உள்ள குழந்தைக்கு அது பொருந்துகிறதா என்று அமர்த்திப் பார்த்தே வாங்குதல் வேண்டும். இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐ.நா.வின் ஆர்44, ஆர்129 குறியீடு உள்ளதா என்றும் காண்க. உறவினர் தரும் பழைய இருக்கை விபத்தில் சிக்கியதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி ஏற்க வேண்டா.

பொருத்தும் முறை

நல்ல இருக்கையும் தளர்வாகப் பொருத்தினால் பயன் தராது. புதிய கார்களின் பின்னிருக்கை இடுக்கில் உள்ள இரு உலோக வளையங்களே ஐசோஃபிக்ஸ் எனப்படுவன. இருக்கை அவற்றில் ‘க்ளிக்’ எனப் பூட்டிக்கொள்ளும். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் மோதல் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கென 49 புள்ளிகள் தனியே உண்டு. கார் வாங்குவோர் நட்சத்திர எண்ணிக்கையோடு அப்புள்ளிகளையும் கேட்டறிதல் நன்று. வாடகைக் கார்களில் அடிக்கடி செல்லும் குடும்பங்கள் பெல்ட்டாலும் பொருத்தக்கூடிய இருக்கையை வாங்குவது உதவும். தில்லி டாக்சிகளில் பின்னிருக்கைப் பெல்ட் உறைக்கு அடியில் மறைந்திருப்பது வழக்கம். புறப்படும் முன்னரே வெளியே எடுத்துத் தரச் சொல்லலாம்.

முன்னிருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில், பின்னோக்கிய இருக்கையை அங்கு ஒருபோதும் வைக்கலாகாது. விரியும் ஏர்பேக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும்.

தலைநகரின் குளிருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சனவரியில் தடித்த பஞ்சு ஜாக்கெட்டின் மேல் பட்டையைப் பூட்டினால் அது இறுக்கமாகத் தோன்றும். மோதலில் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பட்டையை இறுக்கிய பின், மேலே கம்பளியைப் போர்த்துவதே முறை. மே மாதத்திலோ வெயிலில் நின்ற காரின் உலோகப் பூட்டு சுடும். தொட்டுப் பார்த்த பின்னரே குழந்தையை அமர்த்துக.

செலவும் வரவும்

வாகனக் கடன் கோரி வருவோரின் விலைப்பட்டியலை வங்கியில் உள்ள நாங்கள் வரிவரியாகப் படிக்கிறோம். காப்பீடு, இருக்கை உறை, அலாய் சக்கரம் எல்லாம் இடம்பெறும். குழந்தை இருக்கை இடம்பெறுவது அரிது. பத்து லட்ச ரூபாய்க் காரின் விலையில் ஒரு விழுக்காடு பத்தாயிரம் ரூபாய். முன்பணத்தைத் திட்டமிடும்போதே அத்தொகையை ஒதுக்கிவிடலாம். ஏழாண்டுத் தவணையின் முதல் மாதத்தில் பிறந்த குழந்தை, கடைசித் தவணைக்குள் மூன்று படிகளையும் தொட்டுவிடும் என்பதையும் கணக்கில் கொள்க.

முறையாகப் பயன்படுத்தினால் இவ்விருக்கைகள் கைக்குழந்தைகளின் உயிரிழப்பை 71 விழுக்காடும், 1 முதல் 4 வயது வரையுள்ளோரின் உயிரிழப்பை 54 விழுக்காடும் குறைக்கின்றன என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

முதல் சில நாள்கள் குழந்தை அழும்; ‘பச்சைக் குழந்தையைக் கட்டிப்போடலாமா?’ என்று பாட்டியும் வருந்துவார். வீட்டிலேயே இருக்கையில் சிறிது நேரம் அமர்த்தி விளையாட்டுக் காட்டினால் அது பழகிவிடும். பாட்டி மடியில் ஏந்திக் கதை சொல்லலாம். அது வண்டி நின்று, வீடு வந்து சேர்ந்த பிறகு.