மறுக்கப்பட்ட ஆயுட் காப்புறுதி

வெள்ளவத்தையில் சிறு கடை நடத்திய ஒருவர் காலமாகிவிட்டார் எனக் கொள்க. அந்தியேட்டி முடிந்தபின் அவர் மனைவி காப்புறுதிப் பத்திரத்துடன் கம்பெனிக்குச் செல்கிறார். பல வாரங்களின் பின் வருவது பணமன்று, கடிதம்: கணவர் நீரிழிவை மறைத்தாராம்; ஆதலால் பணம் இல்லை.

காப்புறுதி பூரண நம்பிக்கைமேல் நிற்பது. தெரிந்த முக்கிய செய்தியை மறைத்தலாகாது என 1766இல் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்ட் பிரபு வகுத்த நெறி இன்றும் வாழ்கிறது. ஆங்கிலப் படிவத்தை முகவரே நிரப்பினார் என்பது மட்டும் போதிய விடையாகாது. கையொப்பமிட்டவரைச் சட்டம் எளிதில் விடுவதில்லை. ஆனால் நோய் எப்போது கண்டறியப்பட்டது? கையொப்பத்துக்குப் பின்னர் எனின், தெரியாத ஒன்றை அவர் மறைத்தது எங்ஙனம்? ஆகவே மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெறுதல் வேண்டும். முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி, வைத்தியசாலைக் குறிப்புகளின் திகதியோடு ஒப்பிடல் வேண்டும். வழக்கின் உயிர்நிலை அங்கேதான்.

முதல் முறையீடு கம்பெனிக்கே. அது பயனளிக்காவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம், அவரிடம் கட்டணமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியற்றோர்க்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையில் உண்டு. கொட்டாஞ்சேனையார் நடந்தே போய்விடலாம். எழுத்து மூல ஒப்பந்தத்தின்மீது வழக்குத் தொடரப் பொதுவாக 6 ஆண்டு தவணை. பத்திரத்தின் நிபந்தனையில் வேறு காலம் குறித்துளதா என்பதும் நோக்கத்தக்கது.

இடையில் கம்பெனி ஒரு சிறு தொகையை நீட்டி, ‘முழுத் தீர்வு’ என்று எழுதிய பற்றுச்சீட்டில் ஒப்பம் கேட்பதுண்டு. சட்டம் அறிந்த ஒருவர் அதைப் படிக்கும்வரை பேனா எடுக்கப்படலாகாது.