ஒரே ஐ.சி., பத்து வேகங்கள்

பேட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்குள் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோத எண்? கால்குலேட்டரை எடுத்து 32,768-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். பதினைந்தாவது தடவை 1 வரும். ஒரு நொடி கிடைத்துவிட்டது!

இந்தப் பாதியாக்கும் வேலையைச் செய்வது ஃபிளிப்-ஃபிளாப் என்ற சுற்று. பொத்தானை அமுக்கி எழுதும் பேனாவைப் பாருங்கள். ஒரு தடவை அமுக்கினால் முள் வெளியே வரும், மறுதடவை உள்ளே போகும். இரண்டு அமுக்கலுக்கு ஒரு முழுச் சுற்று. ஃபிளிப்-ஃபிளாப்பும் அப்படித்தான்.

சிடி4060 என்ற ஐ.சி.யில் இப்படி 14 ஃபிளிப்-ஃபிளாப்கள் வரிசையாக இருக்கின்றன. துடிப்பை உண்டாக்கும் ஆஸிலேட்டரும் உள்ளேயே உண்டு. அதன் வேகத்தை நாம் இரண்டு வழிகளில் அமைக்கலாம்.

முதல் வழி, 9, 10, 11-ஆம் கால்களில் ரெசிஸ்டரும் கபாசிட்டரும் இணைப்பது. விலை குறைவு, வேண்டிய வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வேகம் நூற்றுக்கு ஐந்து பிசகினாலே, கடிகாரம் ஒரு நாளில் 72 நிமிடம் தவறிவிடும். இரண்டாம் வழி, 10, 11-ஆம் கால்களுக்கு இடையே படிகத்தை அதற்குரிய துணைப் பாகங்களோடு இணைப்பது. இதில் 9-ஆம் காலுக்கு வேலையில்லை. பத்து லட்சத்துக்கு 20 பிசகும் படிகம்கூட நாளுக்கு 2 நொடிக்கும் குறைவாகவே தவறும். விளக்கு மினுக்க முதல் வழி தாராளமாகப் போதும். கடிகாரத்துக்குப் படிகம்தான் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது வெளியீட்டுக் கால்கள்தான். மொத்தம் பத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேகம்! 32,768 படிகத்தை மாட்டினால், 7-ஆம் காலில் நொடிக்கு 2,048 துடிப்பு. அதில் பைசோ தகட்டை இணைத்தால் 'கீ' என்ற ஒலி காதில் கேட்கும். 15-ஆம் காலில் 32, முதல் காலில் 8, 3-ஆம் காலில் 2. அந்த 2-ஐ ஒன்றாக்க, வெளியே இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும். சிடி4013 ஐ.சி.யில் அது கிடைக்கும்.

எல்.இ.டி. இணைக்கும்போது வரிசையில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பயன்படாத வெளியீட்டுக் கால்களை அப்படியே விடலாம். 12-ஆம் கால் ரீசெட். அதை பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்காமல் விட்டால் எண்ணிக்கை தாறுமாறாகும். மின்சாரத்துக்கு 9 வோல்ட் பேட்டரி போதும். வீட்டு மின்சாரத்தை இதில் ஒருபோதும் இணைக்காதீர்கள்.