வியாக்கியான மேற்கோள்: பெயரும் இடமும் பதிப்பும்

மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் திருவாய்மொழி வியாக்கியானங்கள் ஐந்தையும் எடுத்துரைக்கும்போது, அருளியவர் திருநாமத்தையும் நூலின் அளவையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, வடக்குத் திருவீதிப்பிள்ளையின் ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள சீயரின் பன்னீராயிரப்படி என அவை வழங்கிவருகின்றன. 32 எழுத்துக் கொண்ட கிரந்தம் என்னும் அளவே இங்குப் படி எனப்படுகிறது. ஈட்டில் எடுத்தாளப்பட்ட பிரமாண வாக்கியங்களின் மூலங்களைத் திரட்டிப் பிரமாணத்திரட்டு அருளியவரும் மாமுனிகளே. ஆகவே, சொன்னவரையும் சொன்ன இடத்தையும் பிழையறக் காட்டுதல் ஸம்பிரதாயத்துக்குள் வேரூன்றிய வழக்கமாகும். ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதுவோர் அவ்வழக்கத்தையே இன்றைய அச்சு நூல்களுக்கு ஏற்பக் கைக்கொள்ள வேண்டியவராகிறார்கள்.

வியாக்கியான மேற்கோள் ஒவ்வொன்றும் மூன்று வினாக்களுக்கு விடை தரவேண்டும். அது யாருடைய வார்த்தை? எந்தப் பாசுரத்தின் எந்தப் பகுதியில் உள்ளது? எந்தப் பதிப்பில் காணப்பட்டது? இவற்றுள் முதலாவது தவறினால், ஓர் ஆசாரியர் அருளாத கருத்து அவர்மேல் ஏறிவிடும். பின்னர் எழுதுவோர் அதையே எடுத்தாள, பிழை பிரமாணம்போல் நிலைபெற்றுவிடும்.

பெரியாழ்வார் திருமொழி இதற்குத் தக்க சான்று. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரம் முழுமைக்கும் வியாக்கியானம் அருளியவர். எனினும் பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் அருளியதில் பெரும்பகுதி மறைந்துபோக, அப்பகுதிக்கு மாமுனிகள் வியாக்கியானம் அருளினார். இன்று ஒரே நூலாகக் கையில் கிடைப்பது இரு ஆசாரியர்களின் வாக்கு. 'பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானம்' என்று மட்டும் குறித்தால், இவ்விருவருள் யார் வாக்கு என்பது விளங்காது. பெரியவாச்சான் பிள்ளை பெயரைப் பொதுவாக இட்டுவிட்டால் மாமுனிகளின் வாக்கு அவருடையதாகிவிடும். ஆதலால் பாசுரந்தோறும் வியாக்கியாதாவின் பெயரைச் சரிபார்த்தே எழுதுதல் வேண்டும்.

ஈட்டில் இந்த நுட்பம் மேலும் ஆழமானது. நம்பிள்ளை அருளிச்செய்த பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தினார். சொன்னவர் ஒருவர், எழுதிவைத்தவர் ஒருவர். கட்டுரையில் ஈடு முதன்முறை வரும் இடத்தில் இருவர் பெயரையும் தந்துவிட்டு, பிறகு 'ஈடு' என்று சுருக்கிக்கொள்ளலாம். அந்த ஈட்டினுள்ளும் ஆளவந்தார், எம்பார், பட்டர் முதலான பூர்வர்களின் நிர்வாஹங்கள் எடுத்துரைக்கப்படுகின்றன. அவ்வாறு வரும் பட்டர் வார்த்தையைக் கட்டுரையாளர் பட்டர் நூலிலிருந்து எடுத்ததுபோல் காட்டலாகாது. 'பட்டர் நிர்வாஹம், ஈட்டில் கண்டபடி' என்று குறிப்பதே நேர்மை. பட்டருடைய விஷ்ணு ஸஹஸ்ரநாம பாஷ்யம் போலத் தனி நூல் கிடைக்கும் இடத்தில் அந்நூலையே நேராகப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, இடம். திவ்வியப் பிரபந்தத்தில் நாலாயிரம் வரையிலான தொடரெண்ணைக் கொண்டு குறிப்பது எளிதாகத் தோன்றினும், அவ்வெண் எல்லாப் பதிப்பிலும் ஒன்றாக அமைவதில்லை. திருவெழுகூற்றிருக்கை முடிய 2672 எண்ணிக்கை வருகிறது. அதன்பின் சிறிய திருமடலை 40 ஆகவும் பெரிய திருமடலை 78 ஆகவும் கொண்டால் திருவாய்மொழியின் முதற்பாசுரம் 2791 ஆகும். மடல் ஒவ்வொன்றையும் ஒரே பாட்டாகக் கொண்டால் அப்பாசுரமே 2675 ஆகும். தொடரெண்ணை மட்டும் தரும் குறிப்பைக் கொண்டு தேடுபவர் வேறு பதிப்பை விரித்தால் 116 பாசுரம் தள்ளிப் போய் நிற்பார்.

பத்து, திருவாய்மொழி, பாசுரம் என்ற மூன்றடுக்கு எண் இக்குழப்பத்தை நீக்கும். 'திருவாய். 2.7.13' என்றால் இரண்டாம் பத்து, ஏழாம் திருவாய்மொழி, பதின்மூன்றாம் பாசுரம் என்பது எப்பதிப்பிலும் தெளிவு. பெரும்பாலான திருவாய்மொழிகள் 11 பாசுரம் கொண்டவை. பன்னிரு திருநாமங்களைப் பாடும் இந்த ஒன்று மட்டும் 13 கொண்டது. 100 திருவாய்மொழிக்கு மொத்தம் 1102 பாசுரம் வருவதும் இதனாலேயே. பெரியாழ்வார் திருமொழியில் மட்டும் மூன்றடுக்கு எண்ணிலும் விழிப்பு வேண்டும். திருப்பல்லாண்டைத் தனிப் பிரபந்தமாகக் கொள்வதா, முதல் திருமொழியாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து முதற்பத்தின் திருமொழி எண்கள் ஒன்று மாறும். எந்த எண்முறை பின்பற்றப்படுகிறது என்பதைக் கட்டுரையின் முதற்குறிப்பிலேயே சொல்லிவிடுவது நலம்.

பாசுர எண்ணோடு வியாக்கியானத்தின் உட்பகுதியையும் சுட்டுதல் வேண்டும். திருவாய்மொழியின் பிரவேசமா, பாசுரத்தின் அவதாரிகையா, பதவுரைப் பகுதியா என்பது தெரிந்தால்தான் வாசகர் தேடிய வரியை அடைவார். ஈட்டின் தொடக்கத்தில் மஹாப்ரவேசமாக மூன்று ஸ்ரிய:பதிப்படிகள் உள்ளன. 'ஈடு, அவதாரிகை' என்று மட்டும் எழுதினால் மூன்றில் எது என்ற ஐயம் எழும். 'ஈடு, இரண்டாம் ஸ்ரிய:பதிப்படி' என்றால் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது, பதிப்பு. வியாக்கியானங்கள் தெலுங்கு, கிரந்தம், தமிழ் ஆகிய எழுத்துகளில் வெவ்வேறு காலங்களில் அச்சேறியவை. பக்க எண் அந்தந்தப் பதிப்புக்கு மட்டுமே உரியது. ஆகவே பாசுர எண்ணை முதலில் தந்து, பதிப்பாசிரியர், ஊர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றைத் தொடர்ந்து தரவேண்டும். புருஷோத்தம நாயுடு அவர்களின் 'ஈட்டின் தமிழாக்கம்' சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பத்துத் தொகுதிகளில் வந்தது. அதிலிருந்து எடுத்த வாக்கியம் மணிப்பிரவாள மூலத்தின் சொற்றொடர் ஆகாது. மூலச்சொல்லை ஆதாரமாகக் கொண்டு வாதிக்கும் இடத்தில் மூலத்தையே காட்டி, பொருளை விளக்கும் இடத்தில் தமிழாக்கத்தைப் பெயரிட்டுக் காட்டலாம்.

வியாக்கியானத்தினுள் வரும் வடமொழிப் பிரமாணங்களுக்கும் இதே நெறி பொருந்தும். விபீஷண சரணாகதியில் பெருமாள் தம் அபயப்பிரதான விரதத்தை அருளிச்செய்யும் ச்லோகம் தென்னாட்டுப் பாடத்தில் யுத்தகாண்டம் 18.33, பரோடா ஆய்வுப் பதிப்பில் 12.20. ஆசாரியர்கள் கையாண்டது தென்னாட்டுப் பாடம் என்பதால் அதன் எண்ணே முதலில் வரவேண்டும். ஆய்வுப் பதிப்பின் எண்ணை உடன் தந்தால் பிறதுறை ஆய்வாளருக்கும் பயன்படும். மேலும், ஆசாரியர் பெரும்பாலும் பிரமாணத்தின் முதற்சொற்களை மட்டும் எடுப்பர். காண்டமும் ஸர்க்கமும் பதிப்பாசிரியர் சேர்த்தவை. அவற்றைப் பகர அடைப்பில் இட்டுப் பிரித்துக் காட்டினால், ஆசாரியர் வாக்கு எது, பின்னோர் உழைப்பு எது என்பது விளங்கும். மூல நூலைத் திறந்து பார்க்காமல் அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்தெழுதினால் பதிப்பாசிரியரின் அச்சுப்பிழையும் கூடவே வந்துசேரும்.

ஒரு முழுக் குறிப்பு இவ்வாறு அமையும்: மூலநூலின் சுருக்கப்பெயர், மூன்றடுக்கு எண், வியாக்கியானத்தின் பெயர், அருளியவர், உட்பகுதி, பின்னர்ப் பதிப்பு விவரம். அடுத்தடுத்து வரும் இடங்களில் 'திருவாய். 2.7.13, ஈடு, அவதாரிகை' என்ற அளவு போதும். நிறுத்தற்குறி எதுவாயினும், கட்டுரை முழுதும் ஒரே சீராக இருந்தால் குறையில்லை.

பூர்வாசாரியர்கள் அருளிய முறையைக் கேளாமல் தம் மனத்தில் தோன்றியதைச் சொல்லி, அதையே சுத்த உபதேசமென்று கூறுவாரை மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் கண்டித்திருக்கிறார். தாம் எழுதியது அவ்வகையில் சேராது என்பதற்குக் கட்டுரையாளர் காட்டக்கூடிய சான்று, வாசகர் தாமே திறந்து சரிபார்க்கத்தக்க குறிப்புதான்.