அறிவித்தல் பலகையும் எங்கள் மாணவிகளும்

பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும் ஒரு மாணவி முதலில் வாசிக்கப் பழக வேண்டியது அறிவித்தல் பலகையைத்தான். பீடத்தின் வாசலில், நிருவாகக் கட்டடத்தின் ஓரத்தில், விடுதியின் முன்விறாந்தையில் என்று மூன்று நான்கு இடங்களில் அது தொங்கும். பழைய தாள்களின் மேல் புதிய தாள்கள் குத்தப்பட்டிருக்கும். விரிவுரை நேர மாற்றம், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் திகதி, விடுதிக் கட்டணம், வாணி விழாவுக்கான கூட்டம் எல்லாம் அங்கேதான். இன்று இவற்றில் பெரும்பகுதி தொலைபேசிக் குழுக்களுக்கும் இணையத்தளத்துக்கும் போய்விட்டபோதிலும், அறிவித்தல் யாருடைய கண்ணில் படுகின்றது, யாருடைய கண்ணுக்குத் தப்புகின்றது என்ற கேள்வி மாறவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுபவர்களில் பாதிக்கும் அதிகமானோர் இன்று பெண்கள். 1974 இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளில் எழுந்தது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. இவற்றின் வாசல்களைக் கடந்துவரும் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்பவர்கள். வீட்டில் கேட்டறிய ஆளில்லாத இந்தப் பிள்ளைகளுக்கு அறிவித்தலே அண்ணனும் அக்காவும் ஆகின்றது.

தவறவிட்ட ஒரு தாள்

வேலையின் நிமித்தம் நான் சந்தித்த ஒரு மாணவியின் கதை இது. தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தந்தை இல்லை. உதவுபணத்துக்கான விண்ணப்பம் பற்றிய அறிவித்தல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒட்டப்பட்டது. ஒப்படைக்க வேண்டிய நாள் அடுத்த புதன்கிழமை. வார இறுதியில் ஊருக்குச் சென்றிருந்த அந்தப் பிள்ளை திங்கட்கிழமைதான் தாளைக் கண்டாள். வருமானச் சான்றிதழுக்குக் கிராம அலுவலரின் கையொப்பமும் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலும் தேவை. மீண்டும் ஒரு நாள் பஸ் பயணம், காத்திருப்பு, திரும்பும் பயணம். அவள் வந்து சேர்ந்தபோது பட்டியல் மூடப்பட்டிருந்தது.

அறிவித்தலை எழுதியவருக்கு அது ஐந்து நாள் அவகாசம். அந்தப் பிள்ளைக்கோ ஒரு வருடச் சாப்பாட்டுக் காசு. 1981 இல் ஆரம்பமான மகாபொல புலமைப்பரிசில் மாதத்துக்கு 5,000 ரூபாவாக நீண்டகாலம் இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மகாபொல கிடைக்காத வறிய மாணவர்களுக்கான உதவுபணமும் அதே வேளை 4,000 இலிருந்து 6,500 ஆயிற்று. வசதியுள்ள வீட்டில் இது கைச்செலவு. தோட்ட லயத்திலோ மீள்குடியேறிய கிராமத்திலோ இருந்து வரும் பிள்ளைக்கு இதுவே படிப்பைத் தொடர்வதற்கும் இடைநிறுத்துவதற்கும் இடையிலான கோடு.

மொழியும் ஒரு தடையாக உள்ளது. கலைப்பீடத்தில் தமிழில் படிக்கும் மாணவிக்குக்கூடச் சில முக்கியமான அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. வடக்கு, கிழக்கு வளாகங்களில் கற்கும் சிங்கள மாணவிகளுக்குத் தமிழில் மட்டும் வரும் அறிவித்தலும் அவ்வாறே. மூன்று மொழியிலும் ஒரு பக்கம் எழுதுவது பெரிய காரியமன்று. யாருக்கு அது எழுதப்படுகின்றது என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

மாலை நேரக் கூட்டங்கள்

வளாகத்தின் வருடம் நிகழ்வுகளால் நிறைந்தது. தைப்பொங்கல், பெப்ரவரி 21 தாய்மொழி தினம், மார்ச் 8 பெண்கள் தினம், இப்தார், வாணி விழா, ஒளி விழா, நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையிலான பெண்களுக்கெதிரான வன்முறை ஒழிப்பு நாட்கள், விளையாட்டுப் போட்டி, நினைவுப் பேருரை, பட்டமளிப்பு விழா என்று நீளும். ஆனால் இவற்றைத் திட்டமிடும் கூட்டங்கள் எத்தனை மணிக்கு நடைபெறுகின்றன? பெரும்பாலும் விரிவுரைகள் முடிந்த பின், மாலை ஐந்து, ஆறு மணிக்கு. விடுதிக்குக் குறித்த நேரத்தில் திரும்ப வேண்டிய மாணவியும், இருட்டுமுன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மாணவியும் அங்கே இருப்பதில்லை. பின்னர் கோலம் போடவும், வரவேற்பில் நிற்கவும், சிற்றுண்டி பரிமாறவும் அவர்களே அழைக்கப்படுகின்றனர். மாணவர் ஒன்றியங்களில் தலைவர் பதவிக்குப் பெண்கள் வருவது அரிதாக இருப்பதற்கு ஆற்றல் குறைவைக் காரணம் சொல்பவர்கள் கூட்டம் நடக்கும் மணியையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

பெண்கள் தலைமை தாங்கமாட்டார்கள் என்பதற்கு எமது பல்கலைக்கழக வரலாறே மறுப்பு. 1999 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் சாவித்திரி குணசேகர இந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் முதலாவது பெண் துணைவேந்தர். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய கலாநிதி ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். போரினால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அவர் உழைத்ததையும், மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்ததையும் இன்றைய மாணவிகள் அறிவது அவசியம். செப்டெம்பர் மாதத்தில் வரும் நினைவுகூரல் அறிவித்தலைக் கடந்து போகாமல் நின்று வாசிக்க அதுவே காரணம்.

பலகையில் இருக்க வேண்டிய இன்னொரு தாள்

புதிய மாணவர்கள் வரும் வாரத்தில் எழுதப்படாத அறிவித்தல்களும் உலாவும். இன்ன நிறத்தில் உடுக்க வேண்டும், இன்ன பாதையால் போகக் கூடாது, தலையை இப்படித்தான் பின்ன வேண்டும் என்பன அவை. பேராதனையில் பொறியியல் மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ் 1997 இல் பகிடிவதையால் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், அதன்போது பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். பாலியல் தொந்தரவு 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும்.

இச்சட்டங்களைப் பற்றிய தாள் பலகையில் இருந்தால் மட்டும் போதாது. யாரிடம் முறையிடுவது, அவரது அறை எது, முறையிடுபவரின் பெயர் காக்கப்படுமா என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். வளாகத்துக்குள் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

எங்களால் செய்யக்கூடியவை

முதலாம் வருட மாணவிகள் தமக்குள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, முறைவைத்து எல்லாப் பலகைகளையும் பார்க்கலாம். பார்த்ததைத் தொலைபேசியில் படமெடுத்து மற்றவர்களுக்கு அனுப்பலாம். திறன்பேசி இல்லாத தோழிக்கு வாயால் சொல்ல மறக்கக் கூடாது. அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோவையில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பது பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகள் ஒரு கருத்தரங்குக்கோ கூட்டத்துக்கோ போக வேண்டும் என்றால், “இதெல்லாம் உனக்கெதற்கு?” என்று மறிக்காதீர்கள். எத்தனை மணிக்கு முடியும், யாருடன் திரும்புவாய் என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை வளாகத்துக்குச் சென்று வாருங்கள். பகிரங்க விரிவுரை, கண்காட்சி, கூத்து, இசை அரங்கு என்று ஊர்மக்களுக்கான அழைப்புகளும் அவ்வப்போது வருகின்றன. இலவசக் கல்வி என்பது மக்கள் பணத்தில் நடப்பது. அந்த வாசலுக்குள் போக எந்தத் தாயும் கூச்சப்படத் தேவையில்லை. படிப்பை இடையில் விட்ட தாய்மாருக்கும் 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தின் அறிவித்தல்கள் உண்டு.

நிருவாகத்தினரிடம் எமது வேண்டுகோள் சிறியது. பணம், விடுதி, பரீட்சை தொடர்பான அறிவித்தல்களுக்குக் குறைந்தது இரண்டு வார அவகாசம் கொடுங்கள். மூன்று மொழியிலும் எழுதுங்கள். கூட்டங்களைப் பகலில் வையுங்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளை மறு வருடம் விண்ணப்பித்து உதவுபணம் பெற்றாள். இடைப்பட்ட வருடத்தை அவள் மாலையில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், பல நாள் ஒருவேளை உணவோடும் கடந்தாள். அடுத்த வருடம் வரும் பிள்ளைக்கு அது நேராதிருக்க வேண்டும்.